மேட்டுக்கு இந்தப் பக்கம்

சுண்ணாம்பு மேட்டின் உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது பெர்சி மாஸ்லன் பஸ்ஸை நிறுத்திவிடுவார். அங்கே நிறுத்தம் கிடையாது. வீடு இல்லை, மரம் இல்லை, ஏறவும் இறங்கவும் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஆடு மேய்ந்த புல், நடுவில் வெளுத்த சாலை. அந்தச் சாலை மேலே போய் வானத்தில் முடிந்துவிடுவதுபோல இருக்கும். பெர்சி கை பிரேக்கை இழுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையின் நுனிக்கு வந்து கழுத்தை நீட்டுவார். அவர் கண் மட்டும் மேட்டைத் தாண்டும், வண்டி தாண்டாது. அப்படி ஓர் இடம் அந்தச் சாலையில் ஒன்றுதான் இருக்கிறது. பனியிலும் மழையிலும் அதை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு காத்திருப்பார். நடத்துநரான நான் பின்னால் நின்று மணிக்கயிற்றை இரண்டு முறை இழுக்க வேண்டும். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. மணி கேட்டதும் தலையை ஒருமுறை ஆட்டுவார். முதல் கியரில், அடைகாக்கும் கோழியைத் தாண்டிப் போகிறவர் மாதிரி உச்சியைக் கடப்பார்.

ஆஷ்மியரிலிருந்து மார்ட்டன் சந்தை வரை பதினோரு மைல். போகும்போது மேற்கே பார்த்துப் போக வேண்டும். அப்போது மட்டும்தான் நிறுத்துவார். திரும்பி வரும்போது நிற்பதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“வர்றப்ப என்ன கண்ணு? நாம பாத்துட்டு வந்த பக்கம்தானே.”

மதிய வண்டியில் அரை நிமிடம் நிற்பார். காலை ஏழு மணி வண்டியில் ஒரு நிமிடத்துக்கும் மேலே ஆகும். அப்போது சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும். அவர் இரண்டு தடவை திரும்பி வானத்தைப் பார்ப்பார்.

நாற்பத்துநான்கு வயது. குள்ளம், ஆனால் தோள் அகலம். இடது காதின் மடல் நெருப்பில் பட்ட இலைபோலச் சுருங்கியிருக்கும். அந்தக் காதைத்தான் பேசுகிறவர் பக்கம் திருப்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில் மாடி அறை. ஜன்னல் திரை கிடையாது, அக்கா தைத்துப் போட்டாலும் கழற்றிவிடுவாராம். கம்பெனித் தொப்பியின் பித்தளை முத்திரையை எல்லா ஓட்டுநர்களும் துலக்குவார்கள். அவர் அதன்மேல் விரலால் கொஞ்சம் மசகு தடவி மங்க வைத்திருப்பார். “மின்னும்” என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

எங்கள் பஸ்ஸில் ஓட்டுநருக்குத் தனிக் கூண்டு. வெளியிலிருந்துதான் ஏற வேண்டும். பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் கையளவுக்கு ஒரு சன்னல். பயணிகளின் கேலி அந்தச் சன்னல் வழியாகத்தான் உள்ளே போகும். கேலி செய்வதில் முட்டைக்கார மேபல் காஃபை யாரும் மிஞ்ச முடியாது.

“ஏம்ப்பா பெர்சி, மேட்டுக்கு அந்தாண்ட உன் மாமியா நிக்கிறாளா? இப்பிடி பம்முற?”

“கட்டிக்காதவனுக்கு ஏது மாமியா, மேபல்?”

“அதான் பயம். எவளாவது நிக்கப்போறான்னு. என் முட்டையெல்லாம் மார்ட்டன் போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும்.”

“பொரிச்சா நல்லது. கோழி வெல கூட.”

இப்படிப் பேசிவிட்டு மறுபடி முன்னால் பார்ப்பார். மேபலுக்குப் பதில் சொல்லும்போதுகூட மணிக்காகத்தான் அந்தக் காது காத்துக்கொண்டிருக்கும்.

ஆஷ்மியர் குளத்தங்கரையில் வண்டி திரும்ப பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் டீ போடுவார். ஒரு பிஸ்கட் டப்பாவில் பாதிக்கு மணல், அதில் சின்னக் குப்பியிலிருந்து பெட்ரோல், குச்சியால் ஒரு கிளறு, தள்ளி நின்று ஒரு தீக்குச்சி. இன்னொரு டப்பாவில் தண்ணீர் மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். டீ கறுப்பாக, கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்த்து கரண்டி நிற்கிற மாதிரி இருக்கும். முதல் கோப்பை எனக்கு. அவர் கடைசியாகத்தான் ஊற்றிக்கொள்வார். முதலில் என்னிடம் மரியாதை காட்டுகிறார் என்று நினைத்தேன்.

“அது இல்ல. டாங்கில டிரைவர் கடைசியாதான் வெளிய வருவான். அதுக்குள்ள மத்தவன் எல்லாம் குடிச்சிருப்பான். அடிமண்டி குடிச்சுக் குடிச்சு அதுதான் ருசின்னு ஆயிடுச்சு.”

டாங்கி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அதற்கப்புறம் ஆறு வருஷத்தில், டீ குடிக்கும் பன்னிரண்டு நிமிடங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் அதிகம் கேட்கிறவள் இல்லை. அதனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உலகச் சண்டைக்கு முன்னால் அவர் கிடிங்ஸ் பண்ணையில் வண்டிக்குதிரை ஓட்டுகிறவர். பண்ணைக்காரர் மகன் ஹியூ கிடிங்ஸ் அவரைவிட நான்கு வயது இளையவர். பெர்சி இன்றைக்கும் “சின்னவரு” என்றுதான் சொல்வார். எங்கள் மாவட்டத்துக் குதிரைப்படையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பண்ணைக்காரர் பிள்ளைகள் அதிகாரி, பண்ணையாட்கள் சிப்பாய். ஊரே அப்படியே எழுந்து போனதுபோல.

“அப்புறம் குதிரைய வாங்கிக்கிட்டு இரும்புப் பெட்டியக் குடுத்தாங்க. பெட்டிக்கு ஆளாளுக்கு ஊருப் பேரு வச்சோம். எங்களது ஆஷ்மியர். பக்கத்துல நெதர்டன், கோல்ட்வெல், புரூக் எண்ட்.”

அவை எங்கள் பஸ் நிறுத்தங்கள். யாரும் இறங்காவிட்டாலும் ஊர்ப் பேரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி அவர் ஏன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதற்கப்புறம் கொஞ்சம் சத்தமாகச் சொல்லப் பழகினேன்.

சண்டையென்று மூடியை இறுக்கிவிட்டால் டாங்கி ஓட்டுகிறவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாதாம். தபால்பெட்டி வாய் அளவுக்கு ஒரு கீறல், அதில் மணலும் வெயிலும். மேலே தலையை நீட்டி நிற்கிற அதிகாரி காதுக்கருவி வழியாகச் சொல்ல வேண்டும். இடது, வலது, மெதுவா, நில்.

“நா பாத்ததெல்லாம் அவரு கண்ணாலதான். ஒரு வருஷத்துக்கு மேல அந்தக் குரல் என் காதுக்குள்ளயே குடியிருந்துச்சு. கத்தவே மாட்டாரு. கொட்டில்ல குதிரைகிட்டப் பேசுவாரே, அதே குரல்.”

மேடு வந்தால் ஒரு வழக்கம் இருந்தது. உச்சிக்கு இந்தப் பக்கமே டாங்கியை நிறுத்திவிடுவார் பெர்சி. வானத்துக்கு எதிரே அதன் உருவம் தெரியக் கூடாது. சின்னவர் இறங்குவார். தொப்பியைக் கழற்றிவிடுவார், முன்னால் இருக்கும் முத்திரை மின்னும் என்பதால். நடந்து போவார், கடைசியில் முழங்காலிட்டு, அப்புறம் வயிற்றால் ஊர்ந்து, அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்.

“எதுக்கு அவ்வளவு?” என்றேன்.

“பீரங்கிக்குத்தான். டாங்கிய அடிக்கன்னே வச்சிருக்கிற பீரங்கி. மண்ணத் தோண்டி உள்ள இறக்கிடுவான். தரைக்கு மேல ரெண்டு சாண்தான் தெரியும். முயல் வளைன்னு நெனச்சிட்டுப் போயிடுவ. வாயத் தொறந்தாதான் அது பீரங்கின்னு தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன?” டப்பாவில் மீதியிருந்த நெருப்பின்மேல் மணலைத் தள்ளினார். “ஒண்ணும் இல்லன்னா சின்னவரு எந்திரிச்சு எம் பக்கம் திரும்புவாரு. கைய இப்பிடி வைப்பாரு.”

உள்ளங்கையைத் தரை பார்த்து வைத்து, நெஞ்சை நோக்கி இரண்டு முறை மெதுவாக இழுத்துக் காட்டினார். மிரண்ட குதிரையைப் பண்ணையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வா, ஒண்ணும் இல்ல, வா.

அவர்கள் ஏறிய கடைசி மேட்டைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஜனவரி, குளம் உறைந்திருந்தது. நான் கேட்கவில்லை.

“எகிப்துப் பாலைவனம். இருட்டோட இருட்டா பீரங்கி வரிசையத் தாண்டிப் போயிடணும்னு உத்தரவு. எத்தன டாங்கி அழிஞ்சு போனாலும் பரவால்ல, நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. கண்ணிவெடிக்கு நடுவுல ஒரு சந்து, அதுல வண்டிமேல வண்டி சிக்கி அரை மணி நேரம் போச்சு. மேட்டுகிட்ட வந்தா, எங்க முதுகுக்குப் பின்னால வானம் வெளுத்துடுச்சு. வெள்ளத் துணியில கரிய அப்பின மாதிரி அத்தன டாங்கியும் தெரியுது. அவனுக்கு குறி பாக்கவே வேணாம்.”

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நாப்பது ஏறிச்சு. பத்து மணிக்கு நகர்றது ஏழு. நெதர்டன் முதல்ல எரிஞ்சுது. அப்புறம் கோல்ட்வெல். காத்தே இல்லாத காலை. புகை நேரா மேல போச்சு, நம்ம ஊரு அடுப்புப் புகை மாதிரி.”

ஆஷ்மியர் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது. கூண்டில் ஏறினார். நான் இரண்டு மணி அடித்தேன்.

புல்லன் என்ற இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டிக்கு வந்தது பிப்ரவரியில். கெட்ட மனிதர் இல்லை. பையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார், கேட்காமலே கொடுப்பார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவர் முகமே கடிகாரம்போல ஆகிவிட்டிருந்தது.

“மாஸ்லன், தினமும் மேட்டுல ரெண்டு நிமிஷம் போகுதே. வண்டில கோளாறா, ஆள்ல கோளாறா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு சார்.”

புல்லன் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வசந்தத்திலிருந்து எங்கள் வழியில் ஒற்றையாள் பஸ். ஓட்டுகிறவரே டிக்கெட்டும் கொடுக்க வேண்டும். புது வண்டியில் கூண்டு இல்லை, கதவருகே இருக்கை. நடத்துநர் இல்லை. மணிக்கயிறும் இல்லை. என்னை ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். பெர்சி ஒரு சோதனை ஓட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் காரணமில்லாமல் நின்றால் வேறு ஆள். பெர்சிக்குக் கொட்டகையில் வண்டி கழுவுகிற வேலை.

“சம்பளம் கொறையாது, பாத்துக்கறேன்,” என்றார் புல்லன். மிட்டாய் நீட்டினார்.

பெர்சி மிட்டாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் குளத்தங்கரையில் சொன்னார்:

“டிக்கெட் குடுத்துடுவேன் ஐவி. சில்லறைகூட எண்ணிடுவேன். ஆனா காதுல ஒண்ணும் விழலன்னா காலு எந்திரிக்க மாட்டேங்குதே.”

“மெதுவாப் பழகலாம்,” என்றேன்.

“ஆறு நிறுத்தம் இந்த வழியில. வண்டி கழுவுறவனுக்கு யாரு வந்து ஊருப் பேரச் சொல்லப் போறா?”

அடுத்த வியாழக்கிழமை, சந்தை நாள், காலை வண்டி. கிளம்பும் முன்னே சன்னல் வழியாகச் சொன்னார்: “இன்னிக்கு மேட்டுல மணி அடிக்காத. நானாப் போறேனான்னு பாப்போம்.”

நிறுத்தினார். தொப்பி மடிக்கு வந்தது. நான் கயிற்றிலிருந்து கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. மேபல் சன்னலுக்குப் போய், “தூங்கிட்டியா பெர்சி? வேணும்னா நா எறங்கித் தள்ளட்டா?” என்றாள். அவர் மேபலுக்குப் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. மேபல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்து முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கூண்டுக்குப் பின்னால் முதல் இருக்கையில் திருமதி கிடிங்ஸ் இருந்தார். ஹியூவின் அம்மா. எழுபது வயதுக்கு மேல். வியாழக்கிழமை தவறாமல் அந்த இருக்கையில்தான் உட்காருவார். அந்த மேட்டில் வண்டி நிற்பதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அவர் முன்னால் சாய்ந்து, கண்ணாடி வழியாகக் கியர்க் கம்பியின் மேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். கை அசையவே இல்லை.

நான்கு நிமிடம் ஆனதும் நான் மணி அடித்துவிட்டேன். தலை ஒருமுறை ஆடியது. வண்டி நகர்ந்தது.

மார்ட்டன் சந்தையில் எல்லோரும் இறங்கிய பிறகு திருமதி கிடிங்ஸ் முன்பக்கம் போய்க் கூண்டருகே நின்றார். பெர்சி கதவைத் திறந்து பாதி இறங்கி, கூண்டின் படியிலேயே நின்றார். நான் வண்டிக்குள் டிக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது.

“ஹியூ ஒரு கடிதாசில எழுதியிருந்தான் பெர்சி. ‘நான் எறங்கி நடந்து பாக்காத மேட்டுல பெர்சிய ஏத்த மாட்டேன், அவன் அக்காகிட்டச் சொல்லும்மா’ன்னு. அன்னிக்கு ஏன் அவன் எறங்கல?”

பதினாறு வருஷமாக மனசில் வைத்திருந்த அந்தக் கேள்வியை அவர் ஒவ்வொரு வியாழனும் அந்த முதல் இருக்கைக்குக் கொண்டுவந்து, கேட்காமல் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார் போலிருக்கிறது.

“நேரம் இல்லங்கம்மா. விடிஞ்சிடுச்சு. நிக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“நீ நிறுத்தலையா?”

“நிறுத்தினேங்கம்மா. உத்தரவ மீறி நிறுத்தினேன். மேட்டுக்கு இந்தப் பக்கம். எப்பவும் போல. மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் தாண்டிப் போகுது. நா நிறுத்திட்டுக் காத்திருந்தேன், எறங்குவாருன்னு.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘இன்னிக்கு வேணாம் பெர்சி. மெதுவா ஏறு’ன்னாருங்க. ஏறினேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல. குரல் நின்னு போச்சு. கடைசியா ஏறுன்னுதானே சொன்னாருன்னு ஓட்டிக்கிட்டே இருந்தேங்கம்மா. ரெண்டாவது குண்டு இஞ்சின்ல விழுந்து தீப்பிடிக்கிற வரைக்கும், ஏதாவது சொல்லுவாரு சொல்லுவாருன்னு.”

காய்கறி வண்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு கடந்து போனது. அது போகும்வரை அந்த அம்மாள் பொறுத்திருந்தார்.

“அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

“அம்மா?”

“எப்பிடிச் சொன்னான்? வேகமாவா, மெதுவாவா? அவன் குரலக் கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு எனக்கு. உன் காதுலதானே இருந்துச்சு அது. சொல்லு.”

பெர்சி கண்ணை மூடிக்கொண்டார். படியில் நின்றபடி, அவருடையது இல்லாத ஒரு குரலில், கொட்டிலில் குதிரையிடம் பேசுகிற குரலில், சொன்னார்:

“இன்னிக்கு வேணாம் பெர்சி. மெதுவா ஏறு.”

“சிரிச்சானா?”

“லேசாங்கம்மா. கேலி பண்றப்ப சிரிப்பாரே, அப்பிடி.”

அந்த அம்மாள் தலையசைத்தார். கூடையைக் கை மாற்றிக்கொண்டார். “எறங்கியிருக்கலாம்,” என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டார். பெர்சி அன்று மதிய வண்டிக்கு இரண்டு நிமிடம் தாமதமாகக் கூண்டில் ஏறினார். கைக்குட்டையை யாரும் பார்க்காமல் கழுவிவிட்டு வந்திருந்தார்.

சோதனை ஓட்டம் மார்ச் கடைசி வியாழன், காலை ஏழு மணி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் அந்த வழியில் பெர்சிதான் ஓட்டுகிறார். புது அட்டவணையில் அந்த ஏற்றத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டியிருக்கிறார்கள். காரணம் “செங்குத்து” என்று புல்லன் கையெழுத்தில் இருக்கிறது. ஊரிலேயே சாய்வு குறைந்த மேடு அது.

அன்று எனக்கு வேலை இல்லை. சாதாரண உடையில், பயணியாக, பின்னால் உட்கார்ந்தேன். புது வண்டி வார்னிஷ் வாசம் அடித்தது. பெர்சி டிக்கெட் கொடுத்தார். மேபலுக்கு மட்டும் தவறுதலாகக் குழந்தை டிக்கெட் கொடுத்தார். “இப்பதான் ஒருத்தனுக்கு என் வயசு தெரிஞ்சிருக்கு,” என்று அவள் வாங்கிக்கொண்டாள். புல்லன் கதவருகே நின்றார். திருமதி கிடிங்ஸ் வழக்கம்போல் முதல் இருக்கையில். ஊர்ப் பேரைச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெர்சி தானே சொன்னார். நெதர்டன். கோல்ட்வெல். புரூக் எண்ட்.

மேட்டில், அதே இடத்தில், நிறுத்தினார்.

என் கை தானாக மேலே போனது. அங்கே கயிறு இல்லை. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பின்கண்ணாடி வழியாகச் சூரியன் உள்ளே வந்து எங்கள் பிடரியில் எல்லாம் விழுந்திருந்தது. புல்லன் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். பெர்சி காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. புல்லன் எண்ணியிருப்பார்.

அப்புறம் பெர்சி எழுந்தார். தொப்பியைக் கழற்றி இருக்கையின் மேல் வைத்தார். கதவைத் திறந்து சாலையில் இறங்கினார்.

“மாஸ்லன்!” என்றார் புல்லன்.

பெர்சி திரும்பவில்லை. மேலே நடந்தார். உச்சிக்கு நாலு அடி இருக்கும்போது முழங்காலை மடித்தார். சீருடையோடு அந்த வெள்ளை மண்ணில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்ட்டன் தேவாலயக் கோபுரம், பால் பண்ணை, ரயில் பாதை. அவர் அவசரப்படவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒவ்வொரு வேலியாக, ஒவ்வொரு குழியாகப் பார்த்தார்.

“என்னதான் தெரியுதாம்?” என்று மேபல் கிசுகிசுத்தாள்.

“பாக்கட்டும்,” என்றார் திருமதி கிடிங்ஸ். “நல்லாப் பாக்கட்டும்.”

புல்லன் கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெர்சி எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிடவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார். வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது, கண்ணைச் சுருக்கவில்லை. எங்களை யாரையும் அவர் பார்க்கவில்லை. தொப்பி மட்டும் இருந்த அந்த இருக்கையைப் பார்த்து, உள்ளங்கையைத் தரை பார்த்து நீட்டி, நெஞ்சை நோக்கி இரண்டு முறை, மிக மெதுவாக, இழுத்தார்.